என் பிள்ளைக்கும் ஓசிடி வந்துவிடுமா? அந்தக் கேள்வியோடு நான் பட்ட பாடு

எனக்கு ஓசிடி இருக்கிறது, அதாவது வேண்டாத எண்ணம் விடாமல் வந்து, அதை அடக்க ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் மனநோய். முப்பத்திநாலு வயது, கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வீடு, மஞ்சக்குப்பத்தில் ஒரு நிறுவனத்தில் கணக்கு எழுதும் வேலை, ஐந்து வயதில் ஒரு மகள். இந்த நோய் பரம்பரையாக வருமா, மகளுக்கும் கொடுத்துவிட்டேனா என்ற பயம் ஒன்று மட்டுமே என் வாழ்க்கையில் ஒன்றரை வருடத்தையும் அறுபதாயிரம் ரூபாய்க்கு மேலும் தின்றது. நோய்க்கு ஆன செலவு தனிக்கணக்கு. அந்த நாட்களில் யாராவது ஒருவர் உட்கார வைத்து, "மரபணு விஷயத்தில் தெரிந்தது இவ்வளவுதான், நீ செய்ய வேண்டியது இதுதான்" என்று சொல்லியிருந்தால் அதில் பாதியாவது மிச்சமாகியிருக்கும். யாரும் சொல்லவில்லை. என்னைப் போல ராத்திரி இரண்டு மணிக்கு போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு அம்மாவுக்கோ அப்பாவுக்கோ இது போய்ச் சேர்ந்தால் போதும்.

கல்லூரி நாட்களிலேயே ஆரம்பித்துவிட்டது. கேஸ் சிலிண்டரை மூடினோமா, வாசல் கதவைப் பூட்டினோமா என்று திரும்பத் திரும்பப் பார்ப்பேன். பஸ் ஸ்டாண்டு வரை போய்விட்டுத் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்த்த நாட்கள் உண்டு. வீட்டில் எனக்கு "பொறுப்பான பொண்ணு" என்று பெயர். வேலைக்குப் போன இடத்திலும் கணக்கை மூன்று முறை சரிபார்ப்பவள் என்று பாராட்டத்தான் செய்தார்கள். உள்ளே எனக்கு எவ்வளவு வலித்தது என்று ஒருவருக்கும் தெரியாது. இந்த நோய் பெரும்பாலும் பத்து, பன்னிரண்டு வயதிலோ, இருபதை ஒட்டியோ தலைகாட்டும் என்பதும், பிரசவத்தை ஒட்டிப் புதிதாக வரவோ முற்றவோ செய்யலாம் என்பதும் பின்னால்தான் தெரிந்தது. எனக்கு இரண்டாவதும் நடந்தது.

மகள் பிறந்த முதல் மாதத்திலேயே வேறு விதமான எண்ணங்கள் வர ஆரம்பித்தன. காய் நறுக்கும்போது, இந்த அரிவாள்மணையால் குழந்தையை ஏதாவது செய்துவிடுவேனோ என்று ஒரு எண்ணம் மின்னல் மாதிரி வெட்டும். மாடிப்படி ஏறும்போது, கை நழுவ விட்டுவிடுவேனோ என்று தோன்றும். உடம்பெல்லாம் வேர்த்துவிடும். அரிவாள்மணையைப் பரணில் தூக்கி வைத்தேன். குழந்தையைத் தனியாகக் குளிப்பாட்ட மறுத்தேன். மொட்டை மாடிக் கதவுக்குப் பூட்டு போட்டு, சாவியை அம்மாவிடம் கொடுத்தேன். பெற்ற பிள்ளையைப் பற்றி இப்படியெல்லாம் தோன்றுகிறவள் மனுஷியா என்று அழுதுகொண்டே பால் கொடுத்த நாட்கள் அவை. வெளியே சொன்னால் குழந்தையைப் பிரித்துவிடுவார்கள் என்று பயந்து கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

இங்கே கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் இது அவசரமான விஷயம். குழந்தை பெற்ற தாய்மார்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு, "நானே குழந்தைக்கு ஏதாவது செய்துவிடுவேனோ" என்ற மாதிரி ஒரு எண்ணமாவது வந்துபோகிறது. பெரும்பாலானோருக்கு வந்த வேகத்தில் போய்விடும். ஓசிடி இருப்பவருக்கு அது போகாது, ஒட்டிக்கொள்ளும். அந்த எண்ணத்தைக் கண்டு அருவருத்து, நடுங்கி, விலகி ஓடுவதுதான் ஓசிடி. அதே சமயம் பிரசவத்துக்குப் பிறகு வரும் தீவிர மனநோய் (சைக்கோசிஸ்) என்று இன்னொன்று இருக்கிறது. குழந்தையைப் பற்றி விபரீதமான நம்பிக்கைகள் வருவது, யாரோ கட்டளையிடும் குரல் கேட்பது, தூக்கமே இல்லாமல் குழம்பிப் பேசுவது எல்லாம் அதன் அறிகுறிகள். அதற்கு ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இரண்டையும் பிரித்துச் சொல்ல வேண்டியது மனநல மருத்துவர்தான். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கோ நமக்கோ அது தெரியாது.

எங்கள் வீட்டில் முதலில் காற்று, கருப்பு என்றார்கள். மந்திரிக்கிறவர், தாயத்து, பரிகாரம் என்று இருபதாயிரம் வரை போனது. அப்புறம் ஒரு பொது மருத்துவர் தூக்கமில்லாததற்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாதக் கணக்கில் அதையே விழுங்கினேன். தூங்கினேன், ஆனால் எழுந்ததும் அதே எண்ணம் எனக்காகக் காத்திருந்தது. மகளுக்கு ஒன்றரை வயதாகிப் பால் மறந்த பிறகுதான் புதுச்சேரியில் ஒரு மனநல மருத்துவரிடம் போய்ச் சேர்ந்தேன். நான் தயங்கித் தயங்கி ஆரம்பித்ததும் மீதியை அவரே சொன்னார். "கத்திய ஒளிச்சு வச்சீங்களா? குழந்தையோட தனியா இருக்க பயமா?" என்று கேட்டார். அந்த நிமிடம் எனக்கு எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. கேள்விகள் கேட்டு 40-க்கு மதிப்பெண் போடும் ஓர் அளவுகோல் இருக்கிறது. அதில் எனக்கு 28 வந்தது. 24-ஐ எட்டினாலே கடுமையானது என்று கணக்கு.

அன்றைக்கு அவர் கேட்ட ஒரு கேள்விதான் எல்லாவற்றையும் கிளறியது. "உங்க குடும்பத்துல வேற யாருக்காவது இந்த மாதிரி இருந்திருக்கா?" இல்லை என்றேன். எனக்குத் தெரிந்து அதுதான் உண்மை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். முதலில் மழுப்பினார். விடாமல் கேட்டதும் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "உங்க நெல்லிக்குப்பம் அத்தை ஏன் புருஷன் வீட்டுலேருந்து திரும்பி வந்தான்னு நினைக்கிற? காலையில கிணத்தடிக்குப் போனா மத்தியானம் வரைக்கும் கை கழுவுவா. தோல் உரிஞ்சு ரத்தம் வரும். உங்க தாத்தா கட்டி வச்சு அடிச்சாரு" என்றார். எனக்குத் தலை சுற்றியது. அத்தையைச் சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரியும். ஒதுங்கியே இருப்பார், யார் வீட்டிலும் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். சுத்தம் பார்ப்பவர் என்று மட்டும்தான் எங்களிடம் சொல்லி வைத்திருந்தார்கள். பிறகு ஒவ்வொன்றாக வந்தது. அப்பா படுக்கும்முன் பீரோவைத் தொட்டுத் தொட்டு எண்ணுவார். அத்தையின் தம்பி மகனுக்குப் பத்து வயதில் கண் சிமிட்டலும் தோள் குலுக்கலும் இருந்தன, பிறகு தானாகக் குறைந்தன. அப்படிப்பட்ட தசைத்துடிப்புக் கோளாறுகளும் ஓசிடியும் மரபணு வழியில் நெருங்கிய உறவு என்று மருத்துவர் அடுத்த முறை சொன்னார்.

"ஏம்மா இவ்வளவு நாள் சொல்லல?" என்று கேட்டேன். "கல்யாணம் ஆகாத பொண்ணுங்களை வீட்டுல வச்சுக்கிட்டு இதையெல்லாம் சொல்ல முடியுமாடி?" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இருந்தது, இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் அவர் காலத்தில் அவர் பார்த்ததும் அதுதான். இந்த மௌனத்தால் அத்தைக்கு முப்பது வருடங்களுக்கு மேல் போனது. எனக்குப் பத்து வருடங்களுக்கு மேல் போனது. கல்லூரியில் நான் பூட்டை இழுத்துக்கொண்டிருந்தபோதே அத்தையின் கதை வீட்டில் பேசப்பட்டிருந்தால், யாராவது ஒருவருக்காவது பொறி தட்டியிருக்கும்.

அதற்குப் பிறகு நடந்ததை யாரும் எனக்கு முன்கூட்டி எச்சரிக்கவில்லை. மருந்து வேலை செய்து, அரிவாள்மணை பயம் குறையக் குறைய, ஓசிடி வேறு ஒன்றைப் பிடித்துக்கொண்டது. அத்தைக்கு இருந்தது, அப்பாவுக்கு இருந்தது, எனக்கு இருக்கிறது, அப்படியானால் மகளுக்கும் வரும், நான்தான் கொடுத்தேன் என்ற எண்ணம். மகள் பொம்மைகளை வரிசையாக அடுக்கினால் வயிறு கலங்கும். ஒரே கதையை ஒரே மாதிரி சொல்லச் சொல்லி அடம்பிடித்தால் குளியலறையில் போய் அழுவேன். கணவரிடம் "வராதுல்ல? வராதுல்ல?" என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். அவரும் பொறுமையாக "வராதும்மா" என்பார். அரை மணி நேரம் நிம்மதி, மறுபடி அதே கேள்வி. ராத்திரி முழுக்கத் தேடுவேன். ஒரு மரபணுவை நீக்கி வளர்த்த எலிகள் முகத்தைத் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்டதாக 2007-ல் வெளிவந்த ஆய்வைப் படித்துவிட்டு இரண்டு நாள் சாப்பிட முடியவில்லை. அந்த எலிகளுக்கு ஃப்ளூவாக்ஸடின் கொடுத்ததும் தேய்ப்பது குறைந்தது என்று அதே ஆய்வில் இருந்தது. நானும் அந்த மாத்திரையைத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அந்த வரி கண்ணில் பட்டும் மனதில் ஏறவில்லை. பயத்துக்குத் தீனி போடுவது மட்டும்தான் ஏறியது.

அப்போதுதான் ஆன்லைனில் ஒரு மரபணுப் பரிசோதனை விளம்பரம் வந்தது. எச்சிலைக் குழாயில் துப்பி அனுப்பினால் மனநோய்க்கான அபாயத்தைச் சொல்வார்களாம். 18,000 ரூபாய் கட்டினேன். நாற்பது பக்க அறிக்கை வந்தது, வண்ண வண்ணப் படங்களோடு. ஓசிடிக்கு எனக்கு "மிதமான அபாயம்" என்று போட்டிருந்தார்கள். நோயே வந்து மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கும் ஒருத்திக்கு மிதமான அபாயம்! கீழே தியானம் செய்யவும், காய்கறி சாப்பிடவும் ஆலோசனை. போன் செய்து கேட்டால், அவர்களுடைய மரபணு ஆலோசகரிடம் பேசத் தனிக்கட்டணம் என்றார்கள். அதையும் கட்டினேன். பேசியவர், "குழந்தைக்கும் எடுத்துப் பார்த்துட்டா உங்களுக்குத் தெளிவு கிடைக்கும் மேடம்" என்றார். பயத்தில் இருக்கும் தாயிடம் இப்படி விற்பதை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை. இந்தப் பரிசோதனைகளுக்கும், ஊர் ஊராக இரண்டாவது, மூன்றாவது கருத்துக் கேட்கப் போனதற்கும், லீவு போட்டு இழந்த சம்பளத்துக்கும் சேர்த்துத்தான் அந்த அறுபதாயிரம்.

மகளின் எச்சிலை அனுப்பும் முன் அறிக்கையை எடுத்துக்கொண்டு என் மருத்துவரிடம் போனேன். அவர் பொறுமையாக விளக்கியதை என்னால் முடிந்தவரை இங்கே எழுதுகிறேன். ஓசிடிக்கு என்று ஒரு தனி மரபணு கிடையாது. நூற்றுக்கணக்கான, ஒருவேளை அதற்கும் மேற்பட்ட மரபணு வேறுபாடுகள் ஒவ்வொன்றும் துளித்துளியாகச் சேர்ந்து வாய்ப்பைக் கூட்டுகின்றன. 2025-ல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில், ஓசிடி உள்ள 53,000-க்கு மேற்பட்டவர்களின் மரபணுத் தொகுதியை, நோய் இல்லாத சுமார் 20 லட்சம் பேரோடு ஒப்பிட்டார்கள். மரபணுத் தொகுதியில் 30 இடங்கள் தொடர்புடையவை என்று தெரிந்தது. ஒவ்வோர் இடத்தின் பங்கும் மிகச் சிறியது. இவ்வளவு பேரை வைத்துப் பார்த்தும், ஒரு தனி மனிதரைக் காட்டி, இவருக்கு வரும், இவருக்கு வராது என்று சொல்ல முடியாது. அதோடு அந்த ஆய்வில் இருந்தவர்கள் ஐரோப்பிய வம்சாவளியினர். அப்படிப்பட்ட தரவை வைத்துப் போடும் மதிப்பெண், வேறு மக்களிடம் இன்னும் குறைவாகத்தான் பொருந்தும். அப்படியிருக்கக் கடலூர்க்காரிக்கு அதை வைத்து என்ன சொல்ல முடியும்? என் அறிக்கையில் பெரிதாகப் போட்டிருந்தது செரட்டோனினைக் கடத்தும் மரபணு. ஆரம்ப காலத்தில் கொஞ்சப் பேரை வைத்து அப்படிச் சந்தேகித்த மரபணுக்களில் பெரும்பாலானவை பெரிய ஆய்வுகளில் உறுதிப்படவில்லை என்றார். மாத்திரையை உடம்பு எவ்வளவு வேகமாகச் சிதைக்கிறது என்று பார்க்கும் மரபணுச் சோதனை வேறு வகை. அது சிலருக்குப் பயன்படும். தேவையா என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும், விளம்பரம் சொல்லக் கூடாது.

அடுத்தது நான் தவறாகப் புரிந்துகொண்டு மாதக் கணக்கில் அழுத ஒரு எண். இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளில், ஓசிடியில் மரபின் பங்கு பெரியவர்களிடம் 27 முதல் 47 சதவீதம் வரை, சிறுவயதில் தொடங்கும் வகையில் 45 முதல் 65 சதவீதம் வரை என்று வருகிறது. மகளுக்கு வர ஐம்பது சதவீதம் வாய்ப்பு என்று நான் அதைப் படித்தேன். அதன் பொருள் அதுவே அல்ல. ஒரு பெரிய மக்கள் கூட்டத்தில் சிலருக்கு வருகிறது, சிலருக்கு வரவில்லை என்றால், அந்த வித்தியாசத்தில் எவ்வளவு மரபணு வித்தியாசத்தால் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. ஒரு குழந்தையின் தலையெழுத்தை அது சொல்லாது. நமக்கு வேண்டிய எண் வேறு. பொதுவாக நூறு பேரில் இரண்டு பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது ஓசிடி வருகிறது. பெற்றோர், உடன்பிறந்தவர், பிள்ளைகள் என்ற நெருங்கிய உறவில் ஒருவருக்கு இருந்தால் அது நாலைந்து மடங்காகிறது, அதாவது நூற்றுக்குப் பத்து பேர் அளவில். பெற்றோருக்குச் சிறுவயதிலேயே தொடங்கியிருந்தால் இன்னும் கொஞ்சம் கூடுதல். அப்படியும் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருவதில்லை. ஒரே மரபணுத் தொகுதி கொண்ட இரட்டையரிலேயே ஒருவருக்கு இருந்து இன்னொருவருக்கு இல்லாத ஜோடிகள் நிறைய இருக்கிறார்கள்.

மாமியார் பக்கத்தில் வேறு ஒரு பேச்சு ஓடியது. என் அப்பா, அம்மாவுக்கு மாமா முறை, சொந்தத்தில் கட்டியவர்கள். அதனால்தான் இப்படி என்றார்கள். பெற்றோர் இருவரிடமும் ஒளிந்திருக்கும் ஒரே பழுதான மரபணு பிள்ளைக்கு இரட்டையாகச் சேர்ந்து வரும் நோய்களில் சொந்தத் திருமணம் உண்மையிலேயே அபாயத்தைக் கூட்டும். அது பொய்யில்லை. ஆனால் ஓசிடி அந்த வகையில் சேராது. சொந்தமே இல்லாத குடும்பங்களில் எத்தனையோ பேருக்கு வருகிறது. இன்னொரு குற்றச்சாட்டு, "அம்மாவைப் பார்த்துப் பிள்ளை கத்துக்கும்" என்பது. குடும்பத்தில் பலருக்கு வருவதற்கு ஒரே வீட்டில் வளர்ந்ததைவிட மரபணுவின் பங்குதான் பெரிது என்று இரட்டையர் ஆய்வுகள் காட்டுகின்றன. மீதிப் பங்கு ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நடக்கும் விஷயங்களுடையது. இதை மருத்துவர் சொன்னபோது கணவரையும் மாமியாரையும் பக்கத்தில் உட்கார வைத்திருந்தேன். என் வாயால் சொன்னால் எடுபடாதது வெள்ளைக் கோட்டு சொன்னால் எடுபடும். முடிந்தால் நீங்களும் அப்படி ஒருமுறை வீட்டுப் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

இவ்வளவு விளக்கம் கேட்டும் என் பயம் போகவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். இரண்டு நாள் தெளிவாக இருந்தேன், மூன்றாம் நாள் "நூற்றுக்குப் பத்தில் அவளும் ஒருத்தியாக இருந்தால்?" என்று ஆரம்பித்தது. அப்போதுதான் சிகிச்சை தந்த உளவியலாளர் எடுத்துச் சொன்னார்: பூட்டை இழுத்துப் பார்த்ததும், கணவரிடம் வராதுல்ல என்று கேட்டதும், ராத்திரி ஆய்வுகளைத் தேடியதும், எச்சில் சோதனைக்குப் பணம் கட்டியதும் எல்லாம் ஒரே செயல்தான். நூறு சதவீத உறுதி வேண்டும் என்று இந்த நோய் கேட்கிறது, எங்கும் கிடைக்காத ஒன்றைக் கேட்கிறது. அதனால் பயத்தை எதிர்கொண்டு, வழக்கமாகச் செய்யும் செயலைச் செய்யாமல் நிற்கப் பழகும் சிகிச்சையை இந்தக் கேள்விக்கும் கொடுத்தார். அரிவாள்மணைக்கு ஏற்கெனவே செய்திருந்தோம். பரணிலிருந்து இறக்கி, குழந்தை பக்கத்தில் விளையாடிக்கொண்டிருக்க வெண்டைக்காய் நறுக்கினேன், கை நடுங்கத்தான் நறுக்கினேன். இந்த முறை ஒரு தாளில், "என் மகளுக்கு ஓசிடி வரலாம், வராமலும் போகலாம், எனக்குத் தெரியாது" என்று எழுதி தினமும் சத்தமாகப் படிக்க வேண்டும். முதல் வாரம் படிக்கும்போதெல்லாம் அழுதேன். கணவருக்கும் ஒரு வேலை. நான் கேட்டால் வராது என்று சொல்லக் கூடாது. "இது உன் ஓசிடி கேட்குற கேள்வி, நான் பதில் சொல்லப் போறதில்ல, வா டீ போடலாம்" என்று மட்டும் சொல்ல வேண்டும். அவருக்கு அது கல்நெஞ்சாகத் தோன்றியது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஆனால் மாதம் போகப் போகக் கேள்வி தேய்ந்தது. அளவுகோலில் அந்த 28 இன்று 11.

மாத்திரையைப் பற்றி ஒன்று. மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிட ஓசிடிக்கு அளவு கூடுதலாகத் தேவைப்படலாம், பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம்கூட ஆகலாம். இரண்டு வாரத்தில் ஒன்றும் ஆகவில்லை என்று நிறுத்தியவர்களை எனக்குத் தெரியும். கர்ப்பமாக இருப்பவர்களும் பால் கொடுப்பவர்களும் தாங்களாக நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் பேச வேண்டும், அவர்களுக்கேற்ற மருந்துகள் இருக்கின்றன. எனக்கு மாத்திரைக்கு மாதம் சில நூறு ரூபாய்தான் ஆகிறது. உளவியல் சிகிச்சைக்குத்தான் ஒவ்வொரு முறையும் ஆயிரம் ரூபாய்க்கு மேல். எச்சில் சோதனைக்குக் கட்டியதை வைத்து அதில் பாதிச் சிகிச்சையை முடித்திருக்கலாம்.

அப்படியானால் பரம்பரை என்று தெரிந்ததால் ஒரு பயனும் இல்லையா என்றால், இருக்கிறது. என் குடும்பத்தின் உண்மையான மரபணு அறிக்கை அம்மாவின் நினைவில்தான் இருந்தது, இலவசமாகவே. அதை வெளியே எடுக்கத்தான் ஆள் இல்லை. "நம்ம குடும்பத்துல யாருக்காவது மனநோய் இருந்துச்சா?" என்று கேட்டால் எந்தப் பெரியவரும் இல்லை என்றுதான் சொல்வார். வேறு மாதிரி கேளுங்கள். யாராவது ரொம்ப நேரம் குளிப்பார்களா, கை கழுவுவார்களா? பூட்டையும் அடுப்பையும் திரும்பத் திரும்பப் பார்ப்பார்களா? எண்ணிக்கொண்டே இருப்பார்களா? பழைய சாமானைத் தூக்கிப் போடவே விடாதவர் உண்டா? கண் சிமிட்டல், தொண்டை கனைப்பு இருந்த பிள்ளைகள்? பிரசவத்துக்குப் பிறகு ஒரு மாதிரி ஆனவர்கள்? எந்த வயதில் ஆரம்பித்தது? இப்படிக் கேட்டால் கதை வரும். கோயிலுக்குப் போகும் வழியிலோ, பூ கட்டிக்கொண்டிருக்கும்போதோ கேட்டால் இன்னும் தாராளமாக வரும். தாத்தா பாட்டி தலைமுறையிலிருந்து எழுதி வைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். யாருக்காவது எந்த மருந்து கேட்டது என்று தெரிந்தால் அதையும் எழுதுங்கள்.

மகளை நான் இன்று எப்படிக் கவனிக்கிறேன் என்பதையும் சொல்கிறேன். இரண்டிலிருந்து ஐந்து வயது வரை பொம்மை அடுக்குவது, தூங்கும்முன் ஒரே சடங்கைக் கேட்பது, இதே தட்டில்தான் சாப்பிடுவேன் என்பது எல்லாம் வளர்ச்சியின் இயல்பான பகுதி. பள்ளி போகும் வயதில் ஒரு பிள்ளை எழுதியதை அழித்து அழித்து நோட்டுக் கிழிகிறது, குளியலறையிலிருந்து வெளியே வர மாட்டேன் என்கிறது, ஒரே கேள்வியை நாள் முழுக்கக் கேட்கிறது, இதற்கு ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகிறது, தடுத்தால் தாங்க முடியாமல் தவிக்கிறது என்றால் அப்போது பார்க்க வேண்டும். சிறுவர்களுக்கு மருந்தில்லாத பழக்கச் சிகிச்சையே பல சமயம் முதலில் கொடுக்கப்படுகிறது, சீக்கிரம் ஆரம்பித்தால் நன்றாகவும் கேட்கிறது. ஆகவே மாதத்துக்கு ஒருமுறை கணவர் மட்டும் மகளைப் பற்றி யோசித்துப் பார்ப்பார், சந்தேகம் இருந்தால் என்னிடம் சொல்வார். தினமும் அவளை உற்றுப் பார்க்கும் வேலை எனக்குக் கிடையாது. அது மறுபடி நோயின் கைக்குள் போவதாகும்.

தங்கைக்கு இப்போது வரன் பார்க்கிறார்கள். அம்மா இன்னும் எதையும் சொல்லக் கூடாது என்கிறார். தங்கைக்கு அறிகுறி எதுவும் இல்லை, அவளுடைய வாழ்க்கை, சொல்வதும் சொல்லாததும் அவள் முடிவு. ஆனால் அவளிடம் எல்லாவற்றையும் நான் சொல்லிவிட்டேன். கருத்தரித்தால் தன் மகப்பேறு மருத்துவரிடம் அக்காவுக்கு இப்படி இருந்தது என்று முதலிலேயே சொல்லப் போவதாகச் சொன்னாள். எனக்கு அது போதும்.

அத்தை விஷயம் இன்னும் முடியவில்லை. அறுபதை நெருங்கியவரை இனி என்ன செய்வது என்றார்கள். நான் நெல்லிக்குப்பம் போய், "அத்தை, எனக்கும் உங்களை மாதிரிதான், மாத்திரை சாப்பிடுறேன்" என்றேன். நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "உனக்குமா பாப்பா? நான் மட்டும்தான்னு நினைச்சேன்" என்றார். போன ஆவணியில் புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மாத்திரை தொடங்கியிருக்கிறார்கள், கை கழுவும் நேரம் இப்போதுதான் மெல்லக் குறைகிறது. கடலூர்ப் பக்கத்திலிருந்து அங்கே போகிறவர்கள் விடியற்காலை பஸ்ஸையே பிடியுங்கள், பதிவு காலையில்தான். ஆதார் அட்டை, பழைய மருந்துச் சீட்டு, குடும்ப விவரம் எழுதிய தாள், துணைக்கு ஒருவர் என்று போனால் அலைச்சல் குறையும். அவ்வளவு தூரம் முடியாதவர்கள் கடலூர் அரசு தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவில் தொடங்கலாம். எங்கே போவதென்றே தெரியவில்லை என்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்கு எந்த நேரத்திலும் கட்டணமில்லாமல் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள். சிக்கலான நோயாளிகளுக்கு பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் ஓசிடிக்கென்றே தனி கிளினிக் நடக்கிறது. மாத்திரை மட்டும் அத்தைக்குப் போதவில்லை என்றால் அடுத்து அங்கேதான் கேட்டுப் பார்க்க இருக்கிறோம்.